ஐந்து மெஷினுக்கு ஒரு மாப்பிள்ளை

போன வாரம் மூத்தவள் ஸ்பேனரைத் தரையில் போட்ட சத்தம் உங்களில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டதாகத் தெரிகிறது. பெற்ற அப்பாவிடம் இப்படியா பேசுவது என்று பாதிப் பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்று மீதிப் பேர். இரண்டு கட்சிக்கும் என் பதில் ஒன்றுதான். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். அப்பா, மண் தோண்டும் மெஷின்களை வாடகைக்கு விடும் யார்டு வைத்திருக்கிறார். செயின் போட்ட பெரிய மெஷின்கள் ஐந்து. மூத்தவள் அந்த யார்டின் மெக்கானிக், அவள் தம்பி ஆபரேட்டர். ஒரு பெரிய கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே மூன்றாவது தளத்துக்காக இப்போது பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறான். தலைக்கு மேலே கான்கிரீட் கூரை. வெளியே வர ஒரே ஒரு சரிவு. மெஷின் விடும் புகை முழுவதும் அவனோடுதான் குடித்தனம் நடத்துகிறது.

ரோட்டில் ஓடும் வண்டிகளுக்குப் புகைச் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. ரோட்டுக்கே வராத டீசல் எஞ்சின்களை இத்தனை காலமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது கண்டுகொள்கிறார்கள். புகையை வடிகட்டும் ஃபில்டர் இருக்க வேண்டும், கந்தகம் குறைந்த டீசலைத்தான் ஊற்ற வேண்டும், அதிகாரி வந்து சைலன்சருக்குள் மீட்டரைச் செருகிப் பார்ப்பார்.

நம் யார்டு மெஷின்களும் ஃபில்டரோடுதான் வந்து இறங்கின. ஆனால் அம்மாவின் தம்பி, அதாவது நம் டேங்கர் மாமா கொண்டுவந்து ஊற்றும் மட்ட டீசலுக்கு ஃபில்டர் வாராவாரம் அடைத்துக்கொண்டது. அடைத்தால் மெஷினைச் சும்மா நிறுத்தி, உள்ளே சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். சும்மா நிற்கிற மெஷினுக்கு எவன் வாடகை தருவான்? ஆகவே ஐந்து ஃபில்டர்களுக்குள்ளும் தேன்கூடு மாதிரி இருந்ததைக் கம்பியால் இடித்து உதிர்த்துவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப மாட்டினார்கள். யார்டு பாஷையில் இதற்குக் 'குடல் உருவுவது' என்று பெயர்.

குடலோடு பத்திரமாக இருப்பது, உதிரியாக வாங்கி வைத்த ஆறாவது ஃபில்டர் ஒன்றே ஒன்று. எந்த மெஷினுக்குச் சோதனையோ, அதில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். சோதனை முடிந்ததும் கழற்றி, துடைத்து, துணி சுற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். வேலை கிடையாது, உபசரிப்பு மட்டும் உண்டு என்பதால் யார்டில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது.

இத்தனை நாளும் மாப்பிள்ளையை மாட்டியதும் கழற்றியதும் மூத்தவளின் கைகள்தான். தம்பியின் கைக்குட்டையைப் பார்த்த அன்றைக்குத்தான் அந்தக் கைகள் நின்றன. இருமித் துடைத்த இடமெல்லாம் கறுப்பு.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

தம்பி ஓட்டும் மெஷினை ராத்திரியே லாரியில் யார்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. அப்பா அதன் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அரைக் கை சட்டையோடு உள்ளே தலையை நுழைத்திருந்தார். அவர் ஸ்பேனர் பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. முதலாளி ஆனவர்களுக்குக் கைநகம் சுத்தமாகிவிடும், வேறொன்றும் மாறாது.

மாப்பிள்ளையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் நழுவியது. மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைப் புடிக்கவாவது வருவியா?"

"மாட்டேன்பா."

"வேடிக்கை மட்டும் பார்ப்பியா?"

"டிக்கெட் இல்லாத வேடிக்கைதானே."

கிளாம்ப் படீரென்று மூடிக் கட்டைவிரலைக் கடித்தது. அப்பா விரலை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்த பார்வையில் மாப்பிள்ளையே பொசுங்கியிருக்க வேண்டும்.

"நான் மட்டுமா பண்றேன்? ஊர்ல உள்ள எல்லா யார்டுலயும் இதேதான். நல்ல டீசல ஊத்தி, வாரம் ஒரு நாள் மெஷின நிறுத்தி வச்சா, அடுத்த யார்டுக்காரன் என் வேலைய கொத்திட்டு போயிருவான். அப்புறம் நீ எந்த மெஷின ரிப்பேர் பண்ணுவ? மிக்சியவா?"

"மிக்சி ஓட்டினா யாருக்கும் இருமல் வராதுப்பா."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லா யார்டிலும் ஒரு மாப்பிள்ளை இருக்கிறது. அதற்காக அப்பாவை மன்னிக்கச் சொல்கிறீர்களா? நான் மன்னிக்கவில்லை. அவர் மகனைத்தான் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கியிருக்கிறார், அடுத்த யார்டுக்காரன் மகனை அல்ல.

"சரி, நீ மாட்ட வேணாம். சைட்டுக்கு மட்டும் வா. மெக்கானிக் கூட இருக்கணுமாம், புது ரூல்" என்றார் அப்பா. "வந்து வாய மூடிட்டு நில்லு, அது போதும்."

அவள் வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னாள். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அதைக் கவனித்திருக்கலாம்.

சைட்டில் மெஷினை லாரியிலிருந்து இறக்கி, சரிவின் உச்சியில், வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தார்கள். ராத்திரியே டாங்கைக் கழுவி, பங்கிலிருந்து வாங்கிய நல்ல டீசலை ஊற்றியாகிவிட்டது. கேபினில் தம்பி காலை நீட்டி உட்கார்ந்து, போனில் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். இருமல் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சத்தம் என்பது அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"அக்கா, மூஞ்சிய தூக்கி வச்சுக்காத. கொஞ்ச நேரம் சிரிச்ச மாதிரி நில்லு. டெஸ்ட் முடிஞ்சிரும்."

"முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் மாப்பிள்ளைய கழட்டிட்டு நான் உள்ள இறங்குறேன். வேலை கெடக்கு."

"இருமிக்கிட்டே?"

"யாரு இருமுறா?" என்றான். சொல்லி முடித்ததும் இருமினான். முகம் சிவக்கிற அளவுக்கு இருமிவிட்டு, "தூசி" என்றான்.

"மூணு மாசமாவாடா தூசி?"

"புகைக்குப் பயந்தவன் ஆபரேட்டரா வரக் கூடாதுக்கா. நீ போய் கீழ நில்லு."

பெண் அதிகாரி. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். தடித்த ஷூ, கையில் சின்னப் பெட்டி அளவு மீட்டர், அதிலிருந்து நீளும் குழாய். வயது மூத்தவளைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கலாம். டீ வேண்டாம், நாற்காலி வேண்டாம், குடை பிடிக்க ஆள் வேண்டாம் என்று வந்ததும் மூன்று 'வேண்டாம்' சொன்னார். அப்பா கையிலிருந்த டீயைத் தானே குடித்துவிட்டார்.

குழாயைச் சைலன்சரில் செருகினார். தம்பி எஞ்சினை முறுக்கினான். விட்டான். மறுபடி முறுக்கினான். புகை என்று ஒன்று வந்ததாகவே தெரியவில்லை. மாப்பிள்ளை தன் கடமையைச் செய்தார்.

"மீட்டர் பாஸ்" என்றார் அதிகாரி.

அப்பாவின் மூச்சு வெளியே வந்தது. சைட் இன்ஜினியரின் முகம் மலர்ந்தது.

ஆனால் அதிகாரி பெட்டியை மூடவில்லை. பையிலிருந்து வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்து, விரலில் சுற்றி, சைலன்சர் வாய்க்குள் விட்டுத் துடைத்தார். வெளியே எடுத்தபோது அது காகிதமாக இல்லை, கரித்துணியாக இருந்தது.

இங்கேதான் யார்டுக்காரர்கள் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஃபில்டரை மாற்றுகிறார்கள், டாங்கைக் கழுவுகிறார்கள். சைலன்சரின் வாயைத் துடைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

"ஃபில்டர் ஒழுங்கா இருந்தா குழாய்க்குள்ள இவ்வளவு கரி ஒட்டாதே?" என்றார் அதிகாரி.

அப்பாவை லேசாக நினைக்காதீர்கள். கண் இமைக்கவில்லை. "நேத்துதான் மேடம் புது ஃபில்டர் போட்டோம். கரி பழசு."

அதிகாரி யோசித்தார். தலையை ஆட்டினார். அப்படியும் இருக்கலாம் அல்லவா? "மாட்டினது யாரு?"

"எங்க மெக்கானிக்தான் மேடம். என் பொண்ணு. தங்கமான வேலைக்காரி."

மூத்தவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுள்ளென்று ஏறியது. பிறந்ததிலிருந்து அவள் வேலையை அப்பா நாலு பேர் முன்னால் மெச்சியது இதுதான் முதல் தடவை. அதுவும் அவள் செய்யாத வேலைக்கு.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "புது ஃபில்டரா?"

ஆமாம் என்றால் போதும். மெஷின் பாஸ். தம்பி மத்தியானமே குடல் உருவிய டப்பாவோடு அந்த இருட்டுக்குள் இறங்குவான், வேலை முடிகிற வரைக்கும் இறங்கிக்கொண்டே இருப்பான். இல்லை என்றால் சைட் போகும், யார்டு தள்ளாடும், அப்பா இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டார். கேபினிலிருந்து தம்பி கண்ணால் கெஞ்சினான். அவனுக்குத் தொண்டையில் இருமல் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டிருந்தான். அடக்க அடக்க அவன் தோள் குலுங்கியது. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"புதுசு இல்ல மேடம். இது மாப்பிள்ளை."

"யாரு மாப்பிள்ளை?"

சைட் இன்ஜினியர் சிரித்துத் தொலைத்தார். உடனே தொண்டையைக் கனைத்து அதை மறைக்கப் பார்த்தார்.

மூத்தவள் சொன்னாள். குடல் உருவியதைச் சொன்னாள், அலமாரியைச் சொன்னாள், துணி சுற்றுவதைக்கூட விடவில்லை. "இதுவரைக்கும் மாட்டிக் கழட்டினது எல்லாம் நான்தான். இன்னிக்கி மட்டும் நான் மாட்டல."

"வீட்டுத் தகராறு மேடம்" அப்பா குறுக்கே விழுந்தார். "நாங்க பார்த்த எடம் இவளுக்கு புடிக்கல. கல்யாணப் பேச்சு எடுத்ததுலேர்ந்து இப்படித்தான், என் மேல பாயறா."

"என் கல்யாணத்துக்கும் சைலன்சருக்கும் என்னப்பா சம்பந்தம்?"

கூடி நின்ற ஆட்களில் யாரோ விசில் அடித்தார்கள். அப்பாவின் காது மடல் சிவந்தது.

"பழைய டப்பா நம்ம பிக்கப் வண்டியில, தார்ப்பாய்க்குக் கீழ இருக்கு மேடம். நீங்க போனதும் மாட்டறதுக்கு வச்சிருக்கோம். வந்து பாருங்க."

அதிகாரி போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை அதன் வாயில் வைத்தார். நல்ல ஃபில்டராக இருந்தால் இருட்டைத் தவிர எதுவும் தெரியக் கூடாது. இதில் மறுபக்கத்தில் நின்ற அப்பா முழுசாகத் தெரிந்தார்.

சாவி துவாரத்தில் சீல் விழுந்தது. "இந்த மெஷின் இங்கிருந்து நகரக் கூடாது. மத்த நாலையும் நாளைக்குக் காலையில யார்டுக்கு வந்து பாக்குறேன். டாங்கில இருக்கிற டீசலையும் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

அப்பா பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார், மகளை ஏற்றிக்கொள்ளாமல். அவள் தன் ஸ்கூட்டரில் வந்திருந்தாள் என்பது வேறு விஷயம்.

தம்பி கேபினிலிருந்து குதித்தான். "திருப்தியா? என் சோத்துல மண்ணள்ளிப் போட்டாச்சு, போய் நிம்மதியா தூங்கு."

"நீ மூச்சு விட்டு தூங்குனா நானும் தூங்குவேன்."

"பெரிய டாக்டரு!"

அதற்குள் சைட் இன்ஜினியர் போனில் கண்ணாடிக்காரரைப் பிடித்துவிட்டார். வெயில், மழை, இழவு எதுவானாலும் கூலிங் கிளாஸைக் கழற்றாத அந்த அடுத்த யார்டுக்காரரைத்தான் சொல்கிறேன். "ஆமாங்க, நாளைக்கே ஒரு மெஷின் அனுப்புங்க. ஆபரேட்டர் இங்கயே இருக்கான், பள்ளம் தெரிஞ்ச பையன்" என்று தம்பியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தம்பி தலையாட்டினான்.

"டேய், அவர்கிட்டயும் ஒரு மாப்பிள்ளை இருக்கு. அவர் அனுப்பப்போறதும் குடல் உருவினதுதான். தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அப்பாவுக்கு அடங்காதவ நீ. உனக்கு அடங்காதவன் நான். சரியா போச்சு" என்று அவன் நடந்தான். சரிவில் திரும்பும் வரைக்கும் இருமல் கேட்டது. இந்தத் தடவை பாட்டு இல்லை.

வீடு யார்டோடு ஒட்டியது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் டீசல் டாங்க். அம்மா அந்த வாடையிலேயே இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். தன் தம்பி ஊற்றுவது டீசல் இல்லை, சுத்தமான பால் என்று சாதிக்கிறவள். அந்தப் பேச்சை எடுத்த மகளோடு அவள் பேசி நாலு நாள் ஆகியிருந்தது.

இன்றைக்குப் பேசினாள். "மானத்த வாங்கிட்டு வந்தாச்சா?"

அப்பா வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். "மச்சான், நாளைக்குக் காலையில டீசல எடுத்துப் பார்ப்பாளாம். இருட்டறதுக்குள்ள வந்து டாங்கில இருக்கிறதெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு போயிரு. ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

அம்மாவின் காதில் அது விழுந்தது. கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றது. பாலாக இருந்தால் எதற்கு உறிஞ்ச வேண்டும்?

"சின்னவன் எங்க?" என்றாள் மெதுவாக.

"கண்ணாடிக்காரர் யார்டுக்குப் போயிட்டான். நாளையிலேர்ந்து அவங்க மெஷின்ல, அதே பள்ளத்துல."

"அங்க டீசல் யாரு ஊத்துறா?"

மூத்தவள் ஜன்னல் வழியாக டாங்கைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல?"

"மாமாதான்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த துணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் கைக்குட்டைய துவைக்கிறது நான்தானே. மெஷின் கரின்னு நெனச்சேன். சோப்பு போட்டு, பிரஷ் போட்டு தேய்ச்சேன். போகல. சோப்பு சரியில்லன்னு கடைக்காரன் கூட சண்டை போட்டுட்டு வந்தேன்டி" என்றாள். "கடைக்காரன் கூட."

மகள் அவள் தோளைத் தொடப் போனாள். அம்மா அதற்கு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று யார்டு கேட்டுக்குப் போனாள்.

சாயங்கால வெளிச்சத்தில் டேங்கர் வந்து நின்று ஹாரன் அடித்தது. கேட் திறக்கவில்லை. மாமா ஜன்னலில் தலையை நீட்டினார். கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, நான்தான்!"

"தெரியுதுடா. அதனாலதான் தொறக்கல."

மாமா இதை ஜோக் என்றே நினைத்தார். இறங்கி வந்து கம்பியைப் பிடித்தார். "அத்தான் கூப்பிட்டாருக்கா. டாங்கை காலி பண்ணணுமாம்."

"ஒரு சொட்டு வெளிய போகாது. நாளைக்கு அந்தப் பொண்ணு வரும். நீ எங்களுக்கு எத ஊத்தினேன்னு அதுவே பார்த்து சொல்லட்டும்."

"என்னக்கா பேசுற? அந்த டீசல் வித்துத்தான் நான் வீடு கட்டினேன். நீதான் வந்து பால் காய்ச்சின."

"அந்தப் பாலும் வேணாம், இந்தப் பாலும் வேணாம். எடு வண்டிய."

மாமாவின் சிரிப்பு நின்றது. கம்பியை விட்டார். "சரி. நீயா வேணாம்னா விடு. எனக்கு கண்ணாடிக்காரர் யார்டுல இறக்க லோடு இருக்கு. காலையில புது சைட்டாம், ஃபுல் டாங்க் கேட்டிருக்காரு."

டேங்கர் பின்னால் எடுத்துத் திரும்பியது. மூத்தவள் ஸ்கூட்டரோடு ஓடி வந்தாள். அம்மா கேட்டைத் திறந்து வெளியே வந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"குறுக்குத் தெருவுல விடு. அவன் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த கேட்டுல நான் நிக்கணும்."

அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்து ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. "காலையில பொண்ணு என் மானத்த வாங்கினது பத்தாதா? இப்ப நீயும் கிளம்பிட்டியா, ஊரான் வாசல்ல போய் நிக்க?"

"போனது உங்க மானம். போகப்போறது என் புள்ள. நகருங்க."

அப்பா நகரவில்லை. ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, பிடி மட்டும் தளரவில்லை. தெருமுனையில் டேங்கர் திரும்பும் ஹாரன் சத்தம் கேட்டது.

அம்மா கொஞ்சம் எழுந்து, மகளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கட்டைவிரலில் காலையில் பட்ட காயம் இருந்தது. அந்த விரலை மட்டும் கொஞ்சம் பதமாகப் பிரித்தாள்.

பிறகு உட்கார்ந்து, மகளின் முதுகில் தட்டினாள்.

"சுத்திக்கிட்டுப் போடி."